அமெரிக்க மாநிலத் தரவு: எரிவாயு வண்டி அதிகம் இல்லாத இடத்தில் போக்குவரத்து எரிவாயு உமிழ்வு எப்படி வருகிறது?

தரவுமேசை
இஐஏ, அதாவது அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், மாநிலவாரியாகக் கார்பன் டை ஆக்சைடு கணக்கு வெளியிடுகிறது. அதில் போக்குவரத்துத் துறை, இயற்கை எரிவாயு என்ற வரிசையை எடுத்தேன். சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) வண்டி அதிகம் ஓடாத மிசிசிப்பி, கென்டக்கியிலும் எண் கணிசமாக நிற்கிறது. சரிபார்க்கலாம் என்று கன அடி அளவை ஐபிசிசி (ஐ.நா. காலநிலை மாற்றக் குழு) தரும் உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகு எரிபொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணால், பெருக்கினால் அவர்களுடைய எண்ணைவிட 12 சதவீதம் கூடுதலாக வருகிறது. எங்கே இடிக்கிறது?

குழாய்வழி
இரண்டும் தனித்தனிச் சிக்கல்.

முதலாவது, அந்த வரிசையில் வண்டி எரிபொருள் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மற்றதெல்லாம் குழாய்ப் பாதை. நீள்தூரக் குழாயில் 40 முதல் 100 மைலுக்கு ஒரு கம்ப்ரசர் நிலையம் இருக்கும். பெரும்பாலானவற்றில் டர்பைனோ பிஸ்டன் எஞ்சினோ அதே குழாயிலிருந்து வாயுவை எடுத்து எரித்துத்தான் அழுத்தம் கொடுக்கிறது. ஐபிசிசி வகைப்பாட்டிலும் இது போக்குவரத்துக்குள்தான் (குறியீடு 1ஏ3இ). வளைகுடாக் கரையிலிருந்து வடகிழக்குக்குப் போகும் டென்னசி கேஸ் குழாய் நீங்கள் சொன்ன இரண்டு மாநிலங்களையும் கடக்கிறது. வாயுவைப் பயன்படுத்துவது வேறு ஊர், புகை மட்டும் வழியில் இருக்கும் மாநிலத்தின் கணக்கில்.

இரண்டாவது, வெப்ப மதிப்பு. ஐபிசிசியின் 56.1 கிலோ/ஜிகாஜூல் நிகர வெப்ப மதிப்புக்கு (எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைக் கழித்தது) உரியது. அமெரிக்கத் தரவு முழுக்க மொத்த வெப்ப மதிப்பில் (அதையும் சேர்த்தது). இயற்கை எரிவாயுவில் இரண்டுக்கும் சுமார் 10 சதவீதம் வித்தியாசம். காரணிகளில் உள்ள சிறு வேறுபாடும் சேர்ந்தால் உங்கள் 12 வந்துவிடும். இஐஏ காரணியை அப்படியே போடுங்கள்: ஒரு மில்லியன் பிடியுவுக்கு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) 52.91 கிலோ. பத்து லட்சம் கன அடி, கன அடிக்கு 1,037 பிடியு என்றால் 1,037 மில்லியன் பிடியு, ஆக சுமார் 54.9 டன்.

அளவுக் குறியீட்டையும் பாருங்கள். எம்சிஎஃப் என்றால் ஆயிரம் கன அடி, எம்எம்சிஎஃப் என்றால்தான் பத்து லட்சம். இதில் தடுமாறினால் பிழை ஆயிரம் மடங்கு, எனவே உடனே கண்ணில் படும். 12 சதவீதப் பிழைதான் ஆபத்து. பார்த்தால் சரி போலவே இருக்கும்.

கசிவுக்கணக்கு
ஒன்று சேர்க்கிறேன். குழாய்ப் பயன்பாட்டு அளவில் 2009 முதல் கசிவு, விபத்து, பராமரிப்புக்காக வெளியேற்றியது போன்ற இழப்புகளும் அடக்கம். அது எரியவில்லை, மீத்தேனாகவே காற்றில் போகிறது. அதையும் எரிந்ததாக எண்ணிப் பெருக்கினால் 1 கிலோ மீத்தேனுக்கு 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று விழும். நூறாண்டு அளவுகோலில் அதன் உண்மையான பாதிப்பு 28 கிலோவுக்குச் சமம். 2009க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கோடு வரைவதானால் அந்த இடத்தில் அடிக்குறிப்பு அவசியம்.

அதேபோல, கம்ப்ரசரை மின் மோட்டாருக்கு மாற்றினால் புகை மின்துறைக் கணக்குக்குப் போய்விடும். போக்குவரத்து வரிசை இறங்கும். அதைப் பார்த்து உமிழ்வு குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

தரவுமேசை
புரிந்தது, நன்றி. வண்டிகளை மட்டும் தனியே கணக்கிட வேண்டுமானால்? கையில் இருப்பவை நிரப்பு நிலைய ரசீதுகள், ஜிஜிஇ அளவில் (ஒரு காலன் பெட்ரோலுக்குச் சமமான எரிவாயு).

குழாய்வழி
அப்படியென்றால் மாநிலத் தரவை விட்டுவிட்டு ரசீதிலிருந்தே கணக்கிடுங்கள். 1 ஜிஜிஇ என்பது 5.660 பவுண்டு வாயு, அதாவது 2.567 கிலோ. ஐபிசிசி மதிப்பில் கிலோவுக்கு 48 மெகாஜூல் × 56.1 கிராம் = 2.69 கிலோ. ஆக ஜிஜிஇக்கு 6.9 கிலோ. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் காரணி கன அடிக்கு 0.05444 கிலோ, 126.67 கன அடிக்குப் போட்டாலும் அதே 6.9. ஒவ்வொரு வழியும் தன் வெப்ப மதிப்பை விட்டு விலகாததால்தான் பொருந்துகிறது.

ரசீதில் ஜிஜிஇயா டிஜிஇயா (ஒரு காலன் டீசலுக்குச் சமமான அளவு) என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். லாரி நிலையங்களில் டிஜிஇ சகஜம், அது 6.384 பவுண்டு. மாற்றிப் போட்டால் 13 சதவீதம் தவறும்.

கசிவுக்கணக்கு
எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேனையும் விடாதீர்கள். ஐபிசிசி பொதுமதிப்பு டெராஜூலுக்கு 92 கிலோ, அதாவது ஒரு கிலோ சிஎன்ஜிக்கு 4.4 கிராம், கார்பன் டை ஆக்சைடு சமானத்தில் 0.12 கிலோ கூடும். ஆனால் அதே அட்டவணையில் வீச்சு 50 முதல் 1,540 வரை! பழைய எஞ்சின் என்றால் பொதுமதிப்பை நம்ப முடியாது, அந்த மாடலின் சோதனைச் சான்றில் உள்ள எண்ணை வாங்கிப் போடுங்கள். குப்பைமேட்டு வாயு, சாணவாயு நிரப்பியிருந்தால் அதன் கார்பன் டை ஆக்சைடைத் மொத்தத்தில் சேர்க்காமல் தனியே காட்டுங்கள். நழுவும் மீத்தேனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.