நிதி திரட்டும் விழா தேவையா, நேரடியாகக் கொடுத்தால் போதாதா?

வரவுசெலவு:

எங்கள் சேவைச் சங்கத்தில் ஆண்டுக்கொரு முறை நிதி திரட்டும் விழா நடக்கும். இசை நிகழ்ச்சி, விருந்து, குலுக்கல், ஏலம் எல்லாம் உண்டு. இந்த முறை கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளே வந்த தொகையில் கிட்டத்தட்டப் பாதி விழாவுக்கே போயிருக்கிறது. மண்டபம், ஒலி, ஒளி, அச்சு, விருந்து, மேடையேறியவர்களுக்குக் கேடயம். மிஞ்சியதை ஆளுயர அட்டைக் காசோலையில் எழுதி, பத்துப் பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். அந்த அட்டையை அச்சடித்த கூலியும் செலவுப் பட்டியலில் இருக்கிறது.

என் யோசனை இதுதான்: விழாவை நிறுத்துவோம். விழாவுக்கென்று ஒவ்வொரு உறுப்பினரும் செலவழிப்பதை அப்படியே சேவைக் கணக்கில் கட்டட்டும். சங்கத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன், எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். இங்கே வெவ்வேறு சங்கத்துக்காரர்கள் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

மேடைமைக்:

சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. "அப்படியே கட்டட்டும்" என்கிறீர்களே, கட்டுவார்களா? முதல் வருடம் கட்டுவார்கள். இரண்டாம் வருடம் பாதிப் பேர் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள். மூன்றாம் வருடம் பொருளாளர் கூப்பிட்டால் ஃபோனையே எடுக்க மாட்டார்கள். விழா என்றால் ஒரு தேதி இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் ஏலத்தில் கை தூக்குகிறார், இவரும் தூக்குகிறார். மனித சுபாவம் அப்படி.

அப்புறம், வருவது உறுப்பினர் பணம் மட்டுமா? விளம்பரம் கொடுப்பவர், சீட்டு வாங்குபவர், நண்பரோடு வந்தவர் என்று வெளியாள் பணம்தான் அதிகம். விழா இல்லாவிட்டால் அதில் ஒரு காசும் வராது. நீங்கள் செலவை மட்டும் பார்க்கிறீர்கள்.

ரோட்டரி அறக்கட்டளை எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1917இல் ஆர்ச் கிளம்ஃப் என்ற தலைவர் நற்பணிக்கென்று ஒரு நிலைநிதி வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு கன்சாஸ் சிட்டி சங்கம் முதல் நன்கொடையாக 26 டாலர் 50 சென்ட் கொடுத்தது. அது அங்கே நடந்த மாநாட்டில் செலவு போக மிஞ்சிய பணம். கூடிக் கலைந்ததில் வந்த பணம்தான் ஐயா அது.

வரவுசெலவு:

ஒரு மாநாடே நடத்தி மிஞ்சியது 26 டாலர் 50 சென்ட் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் வேறு என்ன சொல்ல?

சரி, விளையாட்டு இருக்கட்டும். வெளியாள் பணம் என்றீர்கள் இல்லையா, எனக்கு உறுத்தலே அதில்தான். உறுப்பினர்கள் தங்கள் பணத்தில் விருந்து சாப்பிட்டால் அது அவர்கள் பாடு. வெளியிலிருந்து ஒருவர் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறது என்று நம்பிச் சீட்டு வாங்குகிறார். அதில் பாதி மேடை விளக்குக்குப் போனது என்று அவரிடம் யார் சொன்னார்கள்? லயன்ஸ் சங்கங்களில் பொதுமக்களிடம் திரட்டியதில் எதற்காகவும் கை வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறதாமே?

வெள்ளைத்தடி:

விதி இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. லயன்ஸில் பொருளாளராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

கணக்கு இரண்டு. சந்தா, அபராதம் என்று உறுப்பினர்களிடம் வாங்குவது நிர்வாகக் கணக்கு. பொதுமக்களிடம் திரட்டுவது சேவைக் கணக்கு. இரண்டாவதிலிருந்து எடுத்துக் கூட்டச் செலவோ உறுப்பினர் சாப்பாடோ பார்க்க முடியாது. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வந்தால் வட்டியும் பொதுமக்களுக்கே போக வேண்டும். ஆனால் நிதி திரட்டும் நிகழ்ச்சியின் நேரடிச் செலவை, வந்த தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

சண்டை முழுக்க இந்த "நேரடி" என்பதில்தான். மண்டப வாடகை நேரடிச் செலவு, சரி. சீட்டு அச்சடித்தது, சரி. சிறப்பு விருந்தினர் தங்கிய அறை? முன்வரிசையில் உட்கார்ந்த உறுப்பினர் குடும்பங்களின் விருந்து? கேடயம்? இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளாளர் ஒவ்வொரு பதில் சொல்வார். என்னைக் கேட்டால், எந்தச் செலவைச் செய்யாவிட்டாலும் வந்த பணம் குறைந்திருக்காதோ அது நேரடிச் செலவு அல்ல. கேடயம் வாங்கியவருக்காக யாரும் சீட்டு வாங்கவில்லை.

எங்கள் சங்கத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். லயன்ஸில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. தாமதமாக வந்தாய், கூட்டத்தில் ஃபோன் அடித்தது, சின்னத்தைக் குத்தாமல் வந்தாய் என்று ஏதாவது சொல்லிச் சிரிக்கச் சிரிக்க அபராதம் வாங்குவார். அவருக்கே அபராதம் போட வேண்டுமென்றால் வந்திருக்கிற அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும்! கேடயம், பூங்கொத்து, குழுப்படம் எல்லாம் அந்த உண்டியலிலிருந்துதான். உண்டியலில் இல்லையென்றால் கேடயமும் இல்லை.

மேடைமைக்:

இரண்டு கணக்கு விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் செலவு விகிதத்தால் அளக்காதீர்கள். 2013இல் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. ஒரு தொண்டு நிறுவனத்தின் தரத்தை நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். தொண்டு நிறுவனங்களை அளப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் சொன்னது அது.

போலியோவையும் பாருங்கள். ரோட்டரி 1985இல் போலியோபிளஸ் தொடங்கியபோது வைத்த இலக்கு 12 கோடி டாலர். 1988க்குள் திரண்டது 24 கோடியே 70 லட்சம். உலகம் முழுக்க இருக்கும் சங்கங்கள் ஓட்டப் பந்தயம், விருந்து, ஏலம் என்று நடத்தாமலா அவ்வளவு பணம் வந்திருக்கும்? எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து காசோலை எழுதினார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

வரவுசெலவு:

அந்தக் கடிதம் முதன்மையாகப் பயிற்சி, திட்டமிடல், மதிப்பீடு, உள் நிர்வாக முறைகள் ஆகியவற்றுக்காகப் பேசியது. இவற்றில் செலவழித்தால் அடுத்த ஆண்டு வேலை நன்றாக நடக்கும். இசைக் குழுவுக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டு எது நன்றாக நடக்கும்? அந்தக் கடிதத்தை விருந்துக்குத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

போலியோ உதாரணம் எனக்குத்தான் சாதகம். கேட்டது எதற்கு என்பது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. ஒரே நோய், அதற்கு ஏற்கெனவே கண்டுபிடித்த சொட்டு மருந்து, உலகத்திலிருந்தே ஒழிப்பது என்ற முடிவு. 1988இல் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரை முடக்கிய நோயின் இயற்கை வகை வைரஸ் இன்று இரண்டே நாடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட காரணம் இருந்தால் மேடை எதற்கு? எங்கள் விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பாடகர் படம் பெரிதாக இருக்கிறது. "நலத்திட்டங்களுக்கு" என்று கடைசி வரியில் சின்ன எழுத்து. எந்தத் திட்டம் என்று தலைவருக்கே விழா முடிந்த பிறகுதான் தெரியும்.

மேடைமைக்:

இது நியாயமான குறை. ஆனால் அழைப்பிதழைத் திருத்தினால் தீர்கிற குறைக்கு விழாவையே நிறுத்தச் சொல்கிறீர்கள்.

புதுவரவு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். விழா வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நான் சங்கத்தில் சேர்ந்ததே விழாவால்தான். தோழி கூப்பிட்டாள் என்று போனேன், வரவேற்பு மேசையில் ஆள் குறைகிறது என்று உட்கார வைத்துவிட்டார்கள். பெயர்ப்பட்டியலும் பேனாவுமாக மூன்று மணி நேரம். அன்றைக்கு அறிமுகமானவர்களோடுதான் இப்போது இரத்ததான முகாம் நடத்துகிறேன். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் ஏதோ கொஞ்சம் போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

அதற்காக மேடைமைக் ஐயா பக்கம் முழுக்கச் சாய மாட்டேன். எங்கள் சங்கத்திலும் எதைக் கேட்டாலும் "காலங்காலமாக இப்படித்தான்" என்கிறார்கள். காலங்காலமாகப் பெண்களையும்தான் சேர்க்காமல் இருந்தார்கள். ரோட்டரியிலும் லயன்ஸிலும் கதவு திறந்தது 1987இல்தான், அதுவும் ரோட்டரிக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வெள்ளைத்தடி:

ஆள் சேர்வது பற்றி நீங்கள் சொன்னது உண்மை, சகோதரி. ஆனால் இந்த இழை முழுக்கப் பணம், பணம் என்றே போகிறது. சேவைச் சங்கம் என்றால் வசூல் சங்கம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

1930இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊரில், லயன்ஸ் சங்கத்துக்காரர் ஒருவர் பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் தடுமாறுவதைப் பார்த்தார். கையில் இருந்தது கறுப்புத் தடி, வண்டி ஓட்டுபவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. சங்கம் என்ன செய்தது? தடிக்கு வெள்ளை வண்ணம் அடித்து, சிவப்புப் பட்டை போட்டுக் கொடுத்தது. அதோடு விடாமல், வெள்ளைத் தடியோடு கடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று நகர மன்றத்தில் சட்டம் கொண்டுவரச் செய்தது. ஒரு டப்பா வண்ணம், கொஞ்சம் அலைச்சல். எந்த விழாவில் இவ்வளவு கிடைக்கும்?

ரோட்டரியும் அப்படித்தான். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய அந்த முதல் சங்கம் எடுத்த முதல் பொதுப்பணி, நகரத்தில் பொதுக் கழிப்பறை கொண்டுவந்தது. பல அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு நகர நிர்வாகத்தை விடாமல் கேட்டார்கள். இன்றைக்கு எந்தச் சங்கம் கழிப்பறைக்காக அதிகாரியைப் போய்ப் பார்க்கிறது? அதில் படம் எடுக்க ஒன்றுமில்லையே.

மேடைமைக்:

கதை அருமை. ஆனால் கண்புரை அறுவைக்கு வண்ண டப்பா போதாது. லென்ஸ் வாங்க வேண்டும், மருத்துவமனைக்குக் கட்ட வேண்டும், ஆளை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். எல்லாம் பணம்.

மூக்குக்கண்ணாடி:

கண் என்றதும் எழுதத் தோன்றியது. நான் கண் பரிசோதகர். பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் திட்டம் பல சங்கங்களில் உண்டு. பெட்டி வைத்தால் நிரம்பும், மாணவர்கள் வந்து தரம் பிரிப்பார்கள், செலவும் இல்லை என்று எல்லாருக்கும் சந்தோஷம். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படி வந்த கண்ணாடிகளில் மாதிரிக்கு 275ஐ எடுத்துப் பார்த்தார்கள். உபயோகப்படக் கூடியவை 7 சதவீதம்தான். கழுவி, அளந்து, பிரித்து, அனுப்பும் செலவைக் கூட்டினால் ஆயத்தமாகக் கிடைக்கும் புதிய கண்ணாடி கொடுப்பதே மலிவு என்று முடிந்தது. ஐஏபிபி என்ற உலக அளவிலான பார்வையிழப்புத் தடுப்பு அமைப்பும் பழைய கண்ணாடி நன்கொடையை ஏற்க வேண்டாம் என்றே சொல்கிறது.

விழாவுக்கு மட்டும் செலவு இருக்கிறது, மற்ற சேவை எல்லாம் சும்மா நடக்கிறது என்று வரவுசெலவு நினைப்பதாகத் தெரிகிறது. சும்மா நடப்பது போலத் தெரியும் வேலையில்தான் செலவு கணக்கில் வராமல் ஒளிந்திருக்கும்.

வரவுசெலவு:

அப்படி நினைக்கவில்லை. கணக்கு எழுதுங்கள் என்றுதான் முதலிலிருந்தே கத்துகிறேன், கண்ணாடிக்கும் சேர்த்து எழுதுங்கள்.

அடிக்கட்டை:

பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். நான் குலுக்கல் சீட்டு எண்ணும் ஆள், என் கஷ்டத்தையும் கேளுங்கள். சீட்டுப் புத்தகம் இத்தனை என்று உறுப்பினருக்குக் கொடுக்கிறோம். விழாவன்று சிலர் அடிக்கட்டையும் (விற்ற சீட்டின் மறுபாதி) பணமும் சரியாகக் கொண்டுவருவார்கள். சிலர் பணம் மட்டும் தருவார்கள், அடிக்கட்டை காரில் இருக்கிறது என்பார்கள். அடிக்கட்டை டிரம்முக்குள் விழாத சீட்டுக்காரர் பரிசுக்குக் காத்திருப்பார், பாவம், அவருக்கு வாய்ப்பே இல்லை. விற்காத புத்தகத்தைத் திருப்பித் தருபவர் அபூர்வம். குலுக்கலுக்கு முன் எத்தனை புத்தகம் போனது, எத்தனை வந்தது என்று மேடையில் படிக்கச் சொன்னேன். "நல்ல நாளில் எதற்கு" என்றார்கள்.

செலவு பாதியா கால்வாசியா என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள். வரவு எவ்வளவு என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

மேடைமைக்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகங்களுக்கு வரிசை எண் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு வாரம் முன்னதாகக் கணக்கை மூடுங்கள். விழாவன்று சீட்டு விற்கவே கூடாது.

வரவுசெலவு, உங்களுக்கு ஒன்று. விழாவை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தால் தோற்பீர்கள். விருந்து, கேடயம், விருந்தினர் அறை மூன்றையும் நிர்வாகக் கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கொண்டுவாருங்கள். சந்தா ஏறும் என்று தெரிந்தால் அவர்களே கேடயத்தை விட்டுவிடுவார்கள்.

வரவுசெலவு:

விடமாட்டார்கள், சந்தாவை ஏற்றிவிட்டு என்னைத் திட்டுவார்கள். பரவாயில்லை, அது அவர்கள் பணம். விழாவே வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் இந்தத் தீர்மானத்தை எழுதித் தருகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய எங்கள் சங்கத்தில் ஆள் தேட வேண்டும். அழைப்பிதழில் எந்தத் திட்டம், எத்தனை பேருக்கு என்று முதல் வரியிலேயே போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

புதுவரவு:

வரவேற்பு மேசையில் அந்தக் கணக்குத் தாளையும் வைக்கச் சொல்லுங்கள். வருபவர்கள் இருக்கை எண் கேட்கும்போது கையில் கொடுத்துவிடலாம்.

மேடைமைக்:

போன வருடக் கணக்கையா? நான் தலைவராக இருந்தால் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன், சொல்லிவிட்டேன்.

வரவுசெலவு:

ஏன் என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.