அந்த ஐந்து நாள் பயிற்சி உண்மையில் எத்தனை நாள்?

சாக்பீஸ் | செவ்வாய் இரவு 9.40

நேற்று வேறொரு இழையில் கரும்பலகை ஐயா போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். "மாற்றுத்திறன் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தாகிவிட்டது, இனிமேலும் தெரியாது என்பவர் வேலை செய்ய மனமில்லாதவர்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, அதனால்தான் தனி இழை.

நான் போன பயிற்சியைச் சொல்கிறேன். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றேகாலுக்குத்தான் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒரு ஹால், எண்பது பேர், இரண்டு ஃபேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை குறைபாடுகளையும் கருத்தாளர் திரையைப் பார்த்து வரிசையாக வாசித்தார், நாங்களும் வரிசையாக எழுதிக்கொண்டோம். இரண்டாம் நாள் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குழுச் செயல்பாடு. மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இது எந்த ஊர்க் கணக்கில் ஐந்து நாள்? என் வகுப்பில் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து 34 பிள்ளைகள், அதில் காது கேட்காத பையன் ஒருவன். அவனுக்கு எப்படிப் பாடம் எடுப்பது என்று அந்த ஹாலில் யாரும் சொல்லவில்லை.

கரும்பலகை | செவ்வாய் இரவு 10.05

தம்பி, ஐந்து நாள் என்றால் ஐந்து நாள்தான். 31 வருட சர்வீஸ், கடைசி 12 வருடம் தலைமையாசிரியர். பயிற்சிக்கு ஆள் அனுப்பியவனே நான்தான், பள்ளியிலிருந்து விடுவித்து ரிலீவிங் ஆர்டர் போட்டது ஐந்து நாளுக்கு. மூன்றாம் நாளே ஐந்து நாளுக்கும் கையெழுத்துப் போட்டது யார் கை? உங்கள் கைதானே? நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் எங்கே போனீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அரசாங்கத்தைக் குறை சொல்லுங்கள்.

டெட்2019 | செவ்வாய் இரவு 10.31

ஐந்து நாளுக்கே இவ்வளவு சண்டையா? நாங்கள் பி.எட். இரண்டு வருடம் படித்தவர்கள். 2015க்குப் பிறகு இரண்டு வருடமாக்கினார்களே, அதில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றித் தனித் தாளே உண்டு. முதல் வகுப்பில் பாஸ் பண்ணினேன். மாற்றுத்திறன் குழந்தை ஒன்றுக்கும் ஒரு பீரியடு கூடப் பாடம் எடுக்காமலேதான் பாஸ் பண்ணினேன் என்பது வேறு விஷயம். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி இன்னும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் இருப்பவர்கள் ஹாலில் ஃபேன் இல்லை என்று அழுகிறார்கள், நல்லது.

கரும்பலகை | செவ்வாய் இரவு 10.38

இந்தக் காலத்து பி.எட். எப்படி வாங்குகிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும். கல்லூரி வாசலை மிதிக்காமலே வருகைப்பதிவு 90 சதவீதம்.

டெட்2019 | செவ்வாய் இரவு 10.40

வராமலே கையெழுத்து என்பது பி.எட். கல்லூரியில் மட்டும்தான் நடக்கிறதா ஐயா? மேலே சாக்பீஸ் சார் என்ன எழுதியிருக்கிறார், கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

ஆறுபுள்ளி | புதன் காலை 6.15

நான் பார்வையற்றவன், அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். பெயரைப் பார்த்ததும் ஆறு புள்ளி எழுத்தான பிரெயில் என்று புரிந்திருக்கும். மூன்று நாளா ஐந்து நாளா என்று ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 2016 சட்டத்தில் நாள் கணக்கே இல்லை. 17ஆம் பிரிவு பிரெயில், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு எடு என்கிறது, அதில் மாற்றுத்திறனாளி ஆசிரியர்களும் அடக்கம். 47ஆம் பிரிவு எல்லா ஆசிரியர் படிப்புகளிலும் மாற்றுத்திறன் பற்றிய பாடத்தைச் சேர் என்கிறது.

எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த வாத்தியார் எந்தப் பயிற்சிக்கும் போனவரில்லை. போர்டில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார், அவ்வளவுதான். மற்றவர்கள் "இதை இதால் பெருக்கி இங்கே கொண்டுவந்தால்" என்பார்கள், எனக்கு எது இது, எங்கே இங்கே என்று ஒன்றும் விளங்காது. அவர் "24ஐ 6ஆல் வகுத்தால் 4" என்பார். அந்த வருடம்தான் எனக்குக் கணக்கு வந்தது.

கரும்பலகை | புதன் காலை 6.50

பார்த்தீர்களா! சார் வாயாலேயே வந்துவிட்டது. மனமிருந்தால் பயிற்சியே தேவையில்லை, ஐந்து நாளே அதிகம்!

சாக்பீஸ் | புதன் காலை 7.20

ஐந்து நாள் கொடுத்தாகிவிட்டது என்று திங்கட்கிழமை, ஐந்து நாளே அதிகம் என்று புதன்கிழமை. நடந்ததோ இரண்டரை நாள். சனிக்கிழமைக்குள் பயிற்சியே நடக்கவில்லை என்று ஐயாவே ஒப்புக்கொள்வார் போல.

வளமையம் | புதன் மதியம் 1.10

அந்த மாதிரிப் பயிற்சி ஒன்றில் முன்னால் நின்று பேசியவள் நான், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். எங்கள் வட்டாரத்திலும் திட்டம் ஐந்து நாள்தான். நடுவில் சிறு வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சிக்கு அதே ஹால் வேண்டும் என்றார்கள், சுருக்கிவிட்டோம். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாக்பீஸ் சார், நாங்கள் 21 வகையை வாசிக்கும்போது பின்வரிசையில் பாதிப் பேர் எமிஸ் என்கிற பள்ளித் தகவல் தளத்தில் பிள்ளைகள் வருகையை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள், அதையும் எழுதுங்கள். காது கேட்காத பையனிடம் போர்டைப் பார்த்து நின்றுகொண்டு பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொன்னேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனை பேர் காதில் விழுந்தது?

பள்ளி நேரில் பார்த்தால் அதைவிடக் கூத்து. ஒரு பள்ளியில் காது கருவி டப்பா பிரிக்காமல் பீரோவில் இருந்தது. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் பூட்டி வைத்துவிட்டார். பையன் ஏழு மாதமாகக் கருவி இல்லாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பதிவேட்டில் மட்டும் "வழங்கப்பட்டது".

கரும்பலகை | புதன் மதியம் 1.25

மேடம், பீரோவில் வைப்பது இருப்புப் பதிவேட்டு நடைமுறை. அரசுப் பொருளைப் பிள்ளை கையில் கொடுத்துக் குளத்தில் போட்டுவிட்டு வந்தால் தணிக்கைக்கு வருபவரிடம் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா? என் பள்ளியிலும் பீரோவில்தான் வைத்தேன், ஆனால் தினமும் காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் வாங்கி வைப்பேன். எல்லாத் தலைமையாசிரியரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு நிரந்தரப் பணியாளரின் பொறுப்பு புரியாது.

வளமையம் | புதன் மதியம் 1.31

மாலையில் வாங்கி வைத்தீர்களா? அப்போது வீட்டில் அவன் எதைக் கேட்பான், ஐயா?

சம்பளத்தை இழுத்ததால் சொல்கிறேன். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் வாங்கி, ஒரே ஸ்கூட்டியில் வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறேன். உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்ன பிறகு மத்திய அரசு 2022இல் விகிதம் அறிவித்தது. தொடக்கநிலையில் பத்து மாற்றுத்திறன் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். என் கையில் எத்தனை பள்ளி என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நிலா அம்மா | புதன் மாலை 4.02

நான் ஆசிரியர் இல்லை, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெண் ஒன்பதாவது. பேசினால் எல்லாம் சொல்கிறாள், எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறுகிறது. டிஸ்லெக்ஸியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளியில் அவளை மெல்லக் கற்போர் பட்டியலில் போட்டு, அதே வார்த்தையை ஐம்பது தடவை எழுத வைக்கிறார்கள். அடுத்த வருடம் பத்தாவது. நான் யாரைப் பார்க்க வேண்டும்?

கரும்பலகை | புதன் மாலை 4.15

அம்மா, மெல்லக் கற்போர் பட்டியல் என்பது தண்டனை இல்லை, அது துறை நடைமுறை. இம்போசிஷன் எழுதித்தான் நாங்களெல்லாம் படித்தோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை நாள் என்று சாக்பீஸ் சொல்வதற்கு என்ன ஆதாரம்?

ஆறுபுள்ளி | புதன் மாலை 5.30

நிலா அம்மா, ஐம்பது தடவை எழுதினால் டிஸ்லெக்ஸியா போகாது, கைதான் வலிக்கும். மருத்துவச் சான்று வாங்கி, பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு இப்போதே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு எல்லாம் உண்டு. தலைமையாசிரியர் தெரியாது என்றால் விடாதீர்கள்.

கரும்பலகை ஐயா, 2016க்கு முன்பிருந்த 1995 சட்டத்தில் குறைபாடு 7 வகைதான், டிஸ்லெக்ஸியா அதில் இல்லை. உங்கள் சர்வீஸில் பெரும்பகுதி அந்தக் காலம். இம்போசிஷன் எழுத வைத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது இருந்ததோ.

கரும்பலகை | புதன் மாலை 5.44

என் மாணவர்களில் இன்றைக்கு இரண்டு பேர் தாசில்தார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டெட்2019 | புதன் மாலை 5.46

இம்போசிஷன் எழுதித் தாசில்தார் ஆனார்களா, எழுதாத நாளில் ஆனார்களா?

சாக்பீஸ் | புதன் இரவு 9.15

ஆதாரம் கேட்டீர்கள் அல்லவா? மூன்றாம் நாள் மதியம் 2.40க்கு நான் ஏறிய பஸ் டிக்கெட் பர்ஸில் இருக்கிறது. வளமையம் மேடம் எமிஸ் பற்றிச் சொன்னது சரிதான், நானும் ஏற்றினேன், அன்றைக்குள் ஏற்றாவிட்டால் மெமோ வரும். அதற்காக இரண்டரை நாள் ஐந்து நாளாகிவிடாது.

கரும்பலகை | புதன் இரவு 9.22

பஸ் டிக்கெட் ஆதாரமாகாது. ரிலீவிங் ஆர்டர் நகல் வீட்டுப் பரணில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து இங்கே போடுகிறேன். ஐந்து நாள் என்று எழுத்திலும் எண்ணிலும் இருக்கும்.

வளமையம் | புதன் இரவு 9.30

பரணில் ஏறுகிறீர்கள் சரி, அப்படியே அந்த பீரோ சாவியும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலா அம்மா | புதன் இரவு 9.41

ஆறுபுள்ளி சாருக்கு நன்றி. இன்று பள்ளியில் போய்க் கேட்டேன். அது பற்றிப் பயிற்சிக்குப் போன டீச்சர் மாறுதலாகிவிட்டாராம், அடுத்த பயிற்சி வரட்டும் பார்க்கலாம் என்றார்கள். அது எப்போது வரும் என்று இங்கே யாருக்காவது தெரியுமா?

கரும்பலகை | புதன் இரவு 9.48

சாவியைப் பற்றிக் கேட்ட மேடத்துக்கு: ஓய்வு பெற்ற அன்றே அடுத்த தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டேன். கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.