ரெயின் செக் எண்டு சொன்ன ஆள் வருவாரோ, வரமாட்டாரோ?

முள்ளியவளைப் பெடியன்:
கண்ணிவெடி அகற்றுற இடத்தில நான் மொழிபெயர்ப்பாளர். பெரியவர் அமெரிக்கன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மம்மா அவரைக் கூப்பிட்டா, உப்புத்தண்ணியில விளக்கெரியிறதைக் காட்டோணுமாம். அந்தாள் சிரிச்சுக்கொண்டு "ஐ வில் டேக் எ ரெயின் செக்" எண்டிட்டு ஜீப்பில ஏறிட்டார். நான் வாய் திறக்கமுன்னம் டிரைவர் அண்ணை, "மழை வருதோ எண்டு பாத்திட்டு வாறாராம் ஆச்சி" எண்டார். வைகாசி வெயில், முத்தத்தில கால் வைக்கேலாது. அம்மம்மா நெத்தியில கையை வைச்சு வானத்தைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. "வெயில் தலைக்கடிச்சிட்டுதோ மோனை அந்தாளுக்கு?" பொங்கலண்டு அவற்ற பங்கை வாழையிலையில மடிச்சும் வைச்சா. ஆள் வரேல்லை. மாட்டன் எண்டதோ, பிறகு வாறன் எண்டதோ?

கிளிநொச்சியான், ரொறன்ரோ:
பிறகு வாறன் எண்டதுதான். 1880களில அமெரிக்காவில பேஸ்போல் மட்ச் மழையால நிண்டா, இன்னொரு நாள் வந்து பாக்கத் துண்டு குடுக்கிறவை. அதுதான் ரெயின் செக். இஞ்ச கடையளிலயும் இருக்கு. மலிவு விலைச் சாமான் முடிஞ்சா துண்டு எழுதித் தருவினம், பிறகு வந்தாலும் அதே விலை. காசு வாங்கிற பிள்ளை "ரெயின் செக் வேணுமோ?" எண்டு கேக்க, எங்கட அப்பா கையில இருந்த குடையைத் தூக்கிக் காட்டினார்.

மாங்குளம் டீச்சர்:
கடைத் துண்டும் வாய்ச்சொல்லும் ஒண்டோ தம்பி? துண்டைக் காட்டிக் கேக்கலாம், வாய்ச்சொல்லை எங்க கொண்டுபோய்க் காட்டுறது? என்னோட படிப்பிச்ச ஒரு மிஸ் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா ஒவ்வொருமுறையும் ரெயின் செக் எண்டுவா, ஒருநாளும் வரேல்லை. பிள்ளையள், இதையும் கேட்டு வையுங்கோ. கூப்பிட்டவர் இதைச் சொல்லுறேல்லை, கூப்பிடுபட்டவர்தான் சொல்லுறது. சிநேகிதரோட கதைக்கேக்க மட்டும் பாவியுங்கோ. நேர்முகத்தேர்வுக்கு நாள் மாத்தோணுமெண்டா நேராக் கேட்டு எழுதுங்கோ. செத்தவீட்டுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அது இன்னொருக்கா நடக்காது. போக விருப்பமில்லையெண்டா "நோ, தாங்க்ஸ்" போதும். லண்டன் ஆக்களுக்கு விளங்கும், ஆனா அமெரிக்கர் அளவுக்குப் பாவிக்கமாட்டினம்.

முள்ளியவளைப் பெடியன்:
டீச்சர், செத்தவீட்டைப் பற்றி ஆர் கேட்டது?

பரந்தன் சாரதி:
டீச்சர், வெள்ளைக்காரரை விடுங்கோ. எங்கட ஆக்கள் சொல்லுற "பாப்பம்" மட்டும் என்னவாம்? பூநகரிப் பக்கம் வாய்க்கால் பாக்க ஒரு அலுவலரைக் கூப்பிட, "பாப்பம்" எண்டார். நாங்கள் புல்லுச் செருக்கி, கதிரை போட்டு, இளநியும் வெட்டி வைச்சிருந்தனாங்கள். பின்னேரம் நாலு மணிக்கு இளநியை நாங்களே குடிச்சம்.