ஓவர்கிளாக்கிங்: ‘துடியேற்றம்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். சில்லின் (சிப்) துடிப்பைக் குறித்த அளவைவிடக் கூட்டி வேகமாக ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்தவற்றுக்கு என் பதில்.

> ‘மிகைக்கடிகாரமாக்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, சிக்கலே அதுதான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய போர்டு பார்க்கும் தம்பியிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “செவத்துக் கடிகாரமாண்ணே? அது எதிர்க்கடைல” என்றார். சில்லுக்குள் இருக்கும் கிளாக் மணி காட்டுவதில்லை. விடாமல் துடிக்கிறது, அந்தத் துடிப்புக்குச் சில்லு அடி எடுத்து வைக்கிறது. அவ்வளவுதான்.

கடைக்குப் போன வேலையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லை உரசிப் பார்க்க நல்ல கல். நிண்டெண்டோ 1994இல் விட்ட ‘சூப்பர் கேம் பாய்’, கேம் பாய் என்ற கையடக்க ஆட்டக்கருவியின் கார்ட்ரிட்ஜை சூப்பர் நிண்டெண்டோ என்ற பெரிய கருவியில் செருகி டிவியில் ஆடவைக்கும் துணைக்கருவி. அதற்கென்று துடிப்பைத் தரும் தனிக் கிரிஸ்டல் கிடையாது. பெரிய கருவியின் 21.477 மெகாஹெர்ட்ஸை ஐந்தால் வகுத்து 4.295 எடுத்துக்கொள்ளும். கையடக்கக் கேம் பாய்க்கோ 4.194தான். ஆக ஆட்டம் 2.4 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. நாகஸ்வரம் வாசிக்கும் என் மைத்துனர் இரண்டையும் கேட்டுவிட்டு, “சுருதி ஏறிக் கெடக்கே மாப்ள” என்றார். கணக்குப் போட்டால் கால் கட்டைக்குச் சற்றுக் குறைவு!

1998இல் ஜப்பானில் மட்டும் வந்த இரண்டாம் பதிப்பில் 20.97152 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் தனியாக வைத்து இதைச் சரிசெய்தார்கள்; ஐந்தால் வகுத்தால் அசல் 4.194 வந்துவிடும். அதே மதிப்பை முதல் பதிப்பில் வைப்பதுதான் என் வேலை. (முதல் தடவை சூடு கூடிச் செப்புத்தடம் உரிந்து வந்தது, அது தனிக் கதை.) அந்த இடத்தில் 24 போட்டால் கணக்குப்படி 4.8, அசலைவிட 14 விழுக்காடு கூடுதல். ஆட்டமும் பாட்டும் சேர்ந்தே ஓடும்.

‘மிகை’ இங்கேதான் இடறுகிறது. நான் செய்தது ஏறிக் கிடந்ததை இறக்கியது. அதற்குக் ‘குறைக்கடிகாரமாக்கல்’ என்றால் ஓடாத கடிகாரம் போலிருக்கிறது. துடியேற்றம், துடியிறக்கம் என்றால் இணையாக நிற்கும். துடியேற்றினேன், துடியேற்றிய சில்லு என்று வினையும் வளைந்து கொடுக்கும்.

> ‘வேகமூட்டல்’ போதாதா?

போதாது. நினைவகத்தைக் கூட்டினாலும் கணினி வேகமாகும், நிரலைத் திருத்தினாலும் ஆகும். எதைத் தொட்டு வேகம் கூட்டினோம் என்பது சொல்லில் இருக்க வேண்டும்.

‘மேற்காலம்’ என்று எழுதியவர் கச்சேரிப் பிரியர் போல. அழகான சொல், விட மனமில்லை. ஆனால் மேற்காலத்தில் தாளம் அப்படியே நிற்கும், சுரம்தான் இரட்டிக்கும். கிரிஸ்டல் மாற்றும்போது தாளமே நெருங்கிவிடுகிறது. மேசைக் கணினியில் அடிப்படைத் துடிப்பைத் தொடாமல், அதை எத்தனை மடங்காக்குவது என்ற பெருக்கெண்ணை மட்டும் உயர்த்துகிறோமே, மேற்காலத்தை அதற்கு எடுத்து வைக்கலாம்.

துடி எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் பக்கம் ‘துடியான சாமி’ என்பார்கள், பாண்டி கோவிலுக்கு வந்தால் காதில் விழும். துடி என்ற பறையோ சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. முழக்கம், வேகம் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

*

(‘மிகைக்கடிகாரமாக்கல்’ சொன்ன ஐயாவின் மறுமொழி) தம்பி, கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன், சரி. ஆனால் ‘துடி’ என்றதும் பாட்டுப் படித்தவனுக்குத் துடியிடைதான் நினைவுக்கு வரும். ‘துடிப்பேற்றம்’ என்று முழுசாகச் சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியுமே?

*

ஐயா, ‘துடிப்பேற்றம்’ என்று சத்தமாகப் படித்தேன். அடுப்படியிலிருந்து, “பிரஷர் மாத்திரை போட்டாச்சா?” என்று குரல் வந்தது. இருந்தாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கட்டுரையில் முதல் இடத்தில் துடிப்பேற்றம் என்று எழுதிவிட்டு, அப்புறம் துடியேற்றம் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

கிரிஸ்டலைப் ‘படிகம்’ ஆக்கச் சொன்ன நண்பருக்கு: பாடநூலுக்குச் சரி. கடையில் படிகம் கேட்டேன், கற்கண்டா என்று கேட்டார்கள்.