ஆத்தா வீட்டுச் சொந்தங்கள் (குடும்ப அரட்டைக் குழு): கவின் சுற்றிய முதல் காயில்

கவின்: மாமா, வேப் கருவிக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, இன்று நானே காயில் சுற்றினேன். உள்ளே திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள் அது. நம் வீட்டில் பட்டறை வைத்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் நீங்கள்தான், பார்த்துச் சொல்லுங்கள். (படம்)

கவின்: 26 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) காந்தல் கம்பி, சூடேற்றுவதற்கான உலோகக் கலவை. 3 மில்லிமீட்டர் தண்டில் 6 சுற்று. திருகில் மாட்டும் இரண்டு நுனிக் கால்களையும் சேர்த்து 74 மில்லிமீட்டர் கம்பி போயிருக்கிறது.

அம்மா: அது புகை விடும் குழாய்தானே சாமி? சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றாயே?

கவின்: இதை வைத்துத்தான் அம்மா விட்டேன். ஆடிக்குப் பிறகு சிகரெட்டைத் தொடவே இல்லை. புகைப்பதை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு இங்கே அரசு மருத்துவச் சேவையே இதை ஒரு வழியாகச் சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் விற்கக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். அதனால் காயிலை நாமே மாற்றிக்கொள்ளும் கருவியாக வாங்கினேன்.

அம்மா: இதையும் விட்டால்தான் எனக்கு நிம்மதி.

கவின்: விடுவேன் அம்மா.

பழனிசாமி மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் மாப்பிள்ளை. முதல் மூன்று சுற்று நன்றாக இறுகி வந்திருக்கிறது. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு முடி நுழைகிற இடைவெளி தெரிகிறது. கம்பி பிடித்த கை அங்கே தளர்ந்திருக்கிறது. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கும் அப்படித்தான், முடியப் போகிறது என்ற நினைப்பு வந்ததும் கை தளரும். மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது?

கவின்: 0.85 ஓம்.

பழனிசாமி மாமா: இடிக்கிறதே. 26 கேஜ் கம்பி 0.457 மில்லி. காந்தலுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 8.8 ஓம். உன் 74 மில்லிக்கு 0.65 தான் வர வேண்டும். கால் சரியாகப் பிடிக்காவிட்டாலும் தடை கூடுதலாகக் காட்டும். திருகை முடுக்கிவிட்டு மறுபடி பார்.

கவின்: முடுக்கிவிட்டேன். அதே 0.85.

பழனிசாமி மாமா: கம்பிச் சுருளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படி. கேஜ் என்று மட்டும் போட்டிருக்கிறதா, முன்னால் ஏதாவது எழுத்து இருக்கிறதா?

கவின்: ஏ.டபிள்யூ.ஜி. என்று இருக்கிறது.

பழனிசாமி மாமா: அதுதான் சங்கதி. நாங்கள் மோட்டாருக்கு வாங்குவது எஸ்.டபிள்யூ.ஜி., அது பிரிட்டிஷ் கேஜ். உன்னுடையது அமெரிக்கக் கேஜ். அதில் 26 என்றால் 0.405 மில்லி. கம்பி மெலிந்தால் தடை ஏறும். மீட்டருக்கு 11.3 ஓம் வைத்துக்கொள், 74 மில்லிக்கு 0.83 வருகிறது. உன் அளவு சரி. இனிமேல் கேஜ் சொல்லாதே, மில்லியில் சொல்.

ராசாத்தி அத்தை: கடையில் பம்ப்செட்டுக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார், இவர் இங்கே கணக்குப் போடுகிறார். கவினு, சாப்பிட்டாயா கண்ணு?

கவின்: சாப்பிட்டேன் அத்தை.

பழனிசாமி மாமா: அவரிடம் பத்து நிமிடம் ஆகும் என்று சொல். மாப்பிள்ளை, எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் தாமிரக் கம்பிக்கு எனாமல் பூச்சு உண்டு. மோட்டாரின் ஸ்லாட்டில் (கம்பி உட்காரும் பள்ளத்தில்) இறக்கும்போது ஓரிடத்தில் அது உரிந்து பக்கத்துச் சுற்றைத் தொட்டால் போதும், மோட்டார் கருகிவிடும். நீ சுற்றியிருப்பது வெறும் கம்பி. சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஷார்ட் ஆகாதா?

கவின்: முதலில் ஆகத்தான் செய்யும் மாமா. காந்தலில் இரும்பு, குரோமியத்தோடு அலுமினியமும் இருக்கிறது. கம்பி பழுக்கும்போது அந்த அலுமினியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே அலுமினாப் படலமாகப் படிந்துவிடும். அலுமினா மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சைக் காயிலுக்குள் வைப்பதற்கு முன்பே, குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்தி, பீங்கான் முனை வைத்த இடுக்கியால் சுற்றுகளை நெருக்க வேண்டும். எனக்கு முதலில் இடது ஓரம் மட்டும் சிவந்தது. நெருக்க நெருக்க, நடுவில் சிவப்பு பிடித்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் பரவியது. (வீடியோ)

பழனிசாமி மாமா: அடடா! கம்பி தனக்குத் தானே எனாமல் பூசிக்கொள்கிறது! இத்தனை காலம் தாமிரத்தோடு கிடந்த எனக்கு இது புதுச் செய்தி. வீடியோவைப் பையன்களுக்குக் காட்டப்போகிறேன்.

நிவேதா அக்கா: தம்பி, ஈரோட்டில் டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நர்ஸாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உடம்புக்குள் போகாது. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த உனக்கு அது பெரிய லாபம். ஆனாலும் இது தீங்கே இல்லாத பொருள் இல்லை. நிகோடின் பழக்கம் அப்படியே இருக்கும். பஞ்சு காய்ந்த நிலையில் பட்டனை அழுத்தாதே. பஞ்சும் திரவமும் கருகினால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் வரும், தொண்டையில் பட்டதுமே தெரியும். பஞ்சை இறுக்கித் திணித்தாலும் திரவம் ஊறாது. இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும், அந்த அளவு போதும். இப்போது உன் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நிகோடின்?

கவின்: 12 அக்கா. இங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 20 தான் உச்ச வரம்பு.

நிவேதா அக்கா: அடுத்து 6, அப்புறம் 3 என்று இறங்கு. சிகரெட் ஆசை தலைதூக்கினால் அவசரப்படாமல் அதே அளவில் நில். அறைத் தோழரின் குழந்தை வந்துபோகும் என்றாயே, அந்தப் பாட்டிலை உயரத்தில் வைத்துப் பூட்டு. குழந்தை கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து.

அம்மா: பாரியூர்க் கோயில் குண்டம் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது இதையும் எடுத்து வருவாயா?

நிவேதா அக்கா: கூடவே கூடாது அம்மா. இந்தியாவில் 2019இல் வந்த சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டியில் ஒரு காயில்கூட இருக்கக் கூடாது தம்பி. ஊரில் இருக்கும் நாட்களுக்கு 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் இங்கே மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. நான் வாங்கி வைக்கிறேன்.

கவின்: எல்லாவற்றையும் இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன் அக்கா.

பழனிசாமி மாமா: பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 18650 அளவு பேட்டரிதானே? முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 0.85 ஓமுக்குக் கிட்டத்தட்ட 5 ஆம்பியர், 21 வாட். பயமில்லை. ஆனால் ஆசைப்பட்டு 0.1 ஓமுக்குச் சுற்றினால் 42 ஆம்பியர் இழுக்கும், அந்தப் பேட்டரி தாங்காது. ஒவ்வொரு முறையும் சுற்றி முடித்ததும் மீட்டர், அதற்குப் பிறகுதான் பட்டன். பேட்டரியின் மேலுறை கிழிந்திருக்கிறதா என்றும் பார்.

கவின்: மேல் முனைப் பக்கம் கொஞ்சம் உரிந்திருக்கிறது மாமா. (படம்)

பழனிசாமி மாமா: கழற்றி வை! அந்த முனையைச் சுற்றியிருக்கும் உலோகக் கூடு முழுவதும் மைனஸ். உறை இல்லாவிட்டால் பிளஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு வளையம்தான் தடுப்பு. புது உறை போடும்வரை தொடாதே. சாவி, சில்லறை கிடக்கும் பாக்கெட்டில் பேட்டரியைப் போடவே போடாதே, பிளாஸ்டிக் டப்பா வாங்கு.

கவின்: கழற்றிவிட்டேன். உறையும் டப்பாவும் நாளை வாங்குகிறேன். அதுவரை இன்னொரு காயில் சுற்றிப் பழகுகிறேன்.

பழனிசாமி மாமா: கம்பியின் ஒரு நுனியை வைஸில் கடிக்க விட்டு, நீ பின்னால் சாய்ந்து தண்டைத் திருப்பிக்கொண்டே முன்னால் வா. கையைவிட உடம்பு எடை சீராக இழுக்கும். கடைசிச் சுற்று முடிந்ததும் உடனே விடாதே, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துவிட்டுக் காலை வெட்டு. படம் அனுப்பு, பம்ப்செட்டுக்காரரை அனுப்பிவிட்டு வந்து பார்க்கிறேன்.