பராக்ரம் நடவடிக்கை: படை திரட்ட மூன்று வாரம் ஏன்?

கேள்வி: 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லைக்குப் படை திரட்டிய பராக்ரம் நடவடிக்கையில், இந்தியத் தரைப்படையின் தாக்குதல் கோர்கள் (எதிரி நாட்டுக்குள் புகுந்து தாக்குவதற்கான பெரும்படைப் பிரிவுகள்) மேற்கு எல்லையை அடைய ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடித்தது ஏன்? நிரந்தரப் படைக்கே இவ்வளவு தாமதமா?

பதில் 1: முதற்காரணம் இருப்பிடம். மதுரா, அம்பாலா, போபால் ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மூன்று கோர்களின் டாங்கிகளைத் தட்டை ரயில் வேகன்களில் ஒவ்வொன்றாக ஏற்றிச் சங்கிலியால் பிணைத்து, வெடிபொருளையும் எரிபொருளையும் உடன் நகர்த்தி, எல்லையருகே இறக்கி மீண்டும் ஒருங்கிணைக்க வேண்டியிருந்தது.

பதில் 2: விடுப்பில் சென்ற வீரர்களைத் திரும்ப அழைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டியிருந்த தற்காப்புக் கோர்களோ சில நாள்களிலேயே நிலைகொண்டுவிட்டன.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் தாக்குதல் கோர்களையும் எல்லையிலேயே நிறுத்திவிடலாமே?

பதில் 1: அது அண்டை நாட்டை ஓயாத பதற்றத்தில் வைக்கும் என்பது என் கருத்து. 2004-இல் பேசப்பட்ட, நீண்ட படைதிரட்டல் இன்றி விரைந்து தாக்கும் ‘கோல்டு ஸ்டார்ட்’ கோட்பாடு, எல்லையருகே உள்ள படைகளுக்கே தாக்கும் திறனைக் கூட்ட முனைந்தது.