அண்மைக்கால அனிமே: யார் சொல்லிப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள்?

கடைசிப்பெஞ்சு:

பத்து அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களின் பெயரை வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் 'அருமை' என்று ஒரே முத்திரை குத்தும் பட்டியல்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து நான் எந்தத் தொடரையும் தொடங்கியதில்லை. ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொன்னால்தான் எனக்கு ஆவல் வரும். ஆகவே பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தத் தொடர் உங்களிடம் எப்படி வந்தது, யாருடன் பார்த்தீர்கள், எந்தக் காட்சியில் எழுந்து போக மனம் வரவில்லை என்று எழுதுங்கள். பிடிக்காததையும் எழுதலாம். 2023 முதல் வந்தவை மட்டும். முடிவைப் போட்டு உடைப்பவர்களுக்கு மன்னிப்பு கிடையாது.

நானே தொடங்குகிறேன். என் சித்தி மகன் கணினிப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறான். ஃப்ரீரென் தொடரை இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு 'தூக்கம் வருகிறது' என்று நிறுத்திவிட்டான். 2023 செப்டம்பர் 29 அன்று ஜப்பானில் அந்தத் தொடர் தொடங்கியபோது, வழக்கமாகத் திரைப்படம் போடும் வெள்ளிக்கிழமை இரவு நேரத்தில் முதல் நான்கு எபிசோடுகளையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் ஒளிபரப்பினார்கள். அதையே அவனுக்கும் செய்தேன். பொங்கல் விடுமுறைக்கு வந்தவனை உட்கார வைத்து, நான்கையும் ஒரே மூச்சில் போட்டேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அரக்க அரசனை வீழ்த்திய நால்வர் குழு பத்தாண்டுப் பயணம் முடித்து ஊர் திரும்புகிறது. ஃப்ரீரென் எல்ஃப் இனத்து மந்திரக்காரி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்பவளுக்குப் பத்தாண்டு ஒரு கணக்கே இல்லை. ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால், தலைவன் ஹிம்மெல் குள்ளக் கிழவனாக நிற்கிறான். இத்தனையும் முதல் எபிசோடிலேயே முடிந்துவிடும்.

என் தம்பியைப் பிடித்தது இந்தச் சோகம் அல்ல. மூன்றாம் எபிசோடில் குவால் என்ற அரக்கன் வருவான். எந்தக் கவசத்தையும் துளைத்து ஆளைக் கொல்லும் மந்திரத்தை உருவாக்கியவன். அவனை எண்பது ஆண்டு முத்திரையிட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து அதே மந்திரத்தை ஏவுகிறான். ஃப்ரீரெனின் மாணவியான சின்னப் பெண் ஃபெர்ன் சாதாரணமாகத் தடுத்துவிடுகிறாள். அவன் உள்ளே இருந்த காலத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்து, தடுப்பும் கண்டுபிடித்து, இப்போது மாணவர்கள் எல்லோரும் கற்கும் பாடமாக்கிவிட்டார்கள். 'இதுதானே எங்கள் வேலை!' என்று தம்பி எழுந்து உட்கார்ந்தான். 28 எபிசோடுகளையும் முடித்துவிட்டு, இரண்டாவது சீசனை என்னை முந்திக்கொண்டு பார்த்தான்.

குறை ஒன்று உண்டு. முதல் சீசனின் பிற்பகுதியில் வரும் மந்திரவாதிகள் தேர்வு எனக்கு நீளம். புது முகங்கள் கூட்டமாக வந்து நிற்க, பயணத்தின் நிதானம் போய்விடுகிறது. சண்டை விரும்பிகள் மறுப்பார்கள்; மறுக்கட்டும்.

இரவுப்பணி:

நான் செவிலியர். எங்கள் வார்டில் ஒரு தங்கை 'அக்கா, உங்களைப் போலவே ஒருத்தி, யாரிடமும் சிரிக்க மாட்டாள்' என்று சொல்லித்தான் 'தி அபாதிகரி டைரீஸ்' தொடரை அறிமுகப்படுத்தினாள். அது பாராட்டா என்று இன்னும் தெளிவில்லை.

மாவ்மாவ் மருந்து தயாரிக்கும் பெண். மூலிகை பறிக்கப் போன இடத்தில் கடத்தப்பட்டு, அரசனின் அந்தப்புரத்துக்கு வேலைக்காரியாக விற்கப்படுகிறாள். நாடு கற்பனை, சாயல் பழைய சீனம். அங்கே அரசனின் குழந்தைகள் வரிசையாக நோயில் விழுகிறார்கள். சாபம் என்கிறது அரண்மனை. தாய்மார் பூசும் வெள்ளை முகப்பூச்சில்தான் விஷம் என்பதைக் கண்டுகொள்கிறாள் இவள். அதில் இருப்பது ஈயம். பெயர் தெரியாமல் இருக்க, துணியைக் கிழித்து அதில் எச்சரிக்கை எழுதி, பூங்கிளையில் கட்டி இரண்டு ராணிகளின் ஜன்னலிலும் வைக்கிறாள். ஒருத்தி நம்புகிறாள், இன்னொருத்தி நம்பவில்லை. நம்பாதவளின் குழந்தை இறந்துவிடுகிறது.

இதுவரை சாதாரணத் துப்பறியும் கதை. என்னை உட்கார வைத்தது நான்காம் எபிசோடு. நம்பாத அந்த ராணி லீஹுவா சாகக் கிடக்கிறாள். மாவ்மாவைப் பணிவிடைக்கு அனுப்புகிறார்கள். தடை செய்த பிறகும் அதே பூச்சை ராணியின் முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறாள் ஒரு பணிப்பெண். 'அழகாக இருக்கட்டுமே என்றுதான்' என்கிறாள். மாவ்மாவ் அவளை அறைகிறாள். அந்த அறை என் கையிலும் இருந்தது. மருத்துவர் வேண்டாம் என்று எழுதி வைத்ததை அன்பின் பெயரால் நோயாளிக்கு ஊட்டிவிடும் உறவினர்களைத் தினமும் பார்க்கிறேன். அறைய முடியாது, சம்பளம் போய்விடும். அதற்குப் பிறகு அந்த எபிசோடு கஞ்சி ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அறையில் காற்று வர விடுவது என்று மெதுவாகப் போகிறது. பணிவிடையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடரை நான் பார்த்ததில்லை.

ஜின்ஷி என்ற அழகனுக்காகப் பார்ப்பவர்களும் உண்டு. எங்கள் வார்டுத் தங்கை அந்தக் கட்சி.

கடைமடை:

வின்லேண்ட் சாகா, இரண்டாவது சீசன். 2023 ஜனவரியில் தொடங்கியது, 24 எபிசோடு. முதல் சீசனில் வைக்கிங் கப்பல், கோடரி, பழி. அதை நம்பி இரண்டாவதுக்கு வந்தவர்கள் 'சண்டை எங்கே?' என்று ஓடினார்கள். நாயகன் தோர்ஃபின் இப்போது டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணையில் அடிமை. ஐனார் என்ற இன்னொரு அடிமையுடன் சேர்ந்து காட்டை வெட்டிக் கழனியாக்க வேண்டும். விளைச்சலை விற்றுத் தங்கள் விலையை அடைத்தால் விடுதலை.

எங்கள் ஊர் காவிரியின் கடைசிப் பாசனம். நான் கூடத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாத்தா சாய்வு நாற்காலியில் இருந்தார். படம் கார்ட்டூன், பேச்சு ஜப்பானிய மொழி. அவருக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்தேன். இரண்டு பேர் மரத்தின் அடிக்கட்டையை வேரோடு பிடுங்க மல்லாடும் காட்சி வந்தது. 'மாடு இல்லாமல் இது ஆகுமா?' என்றார். சற்று நேரத்தில் அவர்களும் அதே முடிவுக்கு வருகிறார்கள். பண்ணையில் குதிரை கொடுக்க மறுக்கிறார்கள். ஸ்வெர்கெல் என்ற முரட்டுக் கிழவர் குதிரையைத் தருகிறார், பதிலுக்கு அவர் வீட்டு வேலையைச் செய்ய வேண்டும். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அந்தக் கிழவன் யார்?' பண்ணை முதலாளியின் அப்பா என்றேன். 'அப்படித்தான் இருக்கும். மகனுக்கு மண் வாசனை தெரியாது' என்றார். அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் நான் எங்கும் படிக்கவில்லை.

அதன் பிறகு நான் சப்டைட்டிலைப் படித்துச் சொல்ல, அவர் கேட்டார். கோதுமை முளைத்த காட்சியில் பேசவே இல்லை. விதைத்த பயிரை யாரோ இரவில் பிடுங்கிப்போட்ட காட்சியில் அவர் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

தோர்ஃபின் ஒரு காலத்தில் இப்படிப் பலருடைய வயலை அழித்தவன்தான். அவன் அதை உணரும் இடம் இந்த சீசனின் உயிர். முதல் சீசனைப் பார்க்காமல் இதற்கு வராதீர்கள். அந்தக் கணக்குத் தெரியாவிட்டால் இது வெறும் விவசாயப் படம்.

கடைசிப்பெஞ்சு:

@கடைமடை, தாத்தாவுக்கு என் வணக்கம். அந்தச் சொற்களைத் தனிச்செய்தியில் அனுப்பவும்.

அண்டாகுண்டா:

நான் கல்யாணச் சமையல் குழுவில் இருப்பவன். மகள் 'அப்பா, இது சாப்பாட்டுப் படம்' என்று 'டெலிஷியஸ் இன் டஞ்சன்' போட்டாள். 2024-இல் வந்தது, ட்ரிகர் ஸ்டூடியோ, நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. பாதாளக் கோட்டையில் டிராகன் ஒன்று லாயோஸின் தங்கையை விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதற்குள் போய் மீட்க வேண்டும், கையில் காசில்லை. வழியில் எதிர்ப்படும் பூதங்களையே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இறங்குகிறார்கள்.

சிரிப்புக்கு எடுத்த படம் என்று நினைத்தேன். சென்ஷி என்ற தாடிக்காரக் குள்ளர் வந்ததும் எண்ணம் மாறியது. காளானும் பெரிய தேளும் போட்டு முதல் சட்டி வைக்கும்போதே தேளின் வாலை நீக்குகிறார், உடலில் கீறல் போட்டால் சாறு இறங்கும் என்று காரணம் சொல்கிறார். மண் பூதங்களின் முதுகில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார். யாரும் கவனிக்காத பாதாளக் கழிப்பறைகளையும் அவரே சுத்தமாக வைத்திருக்கிறார். சமையற்காரனுடைய வேலையில் பாதி அடுப்புக்கு வெளியில்தான் என்பது தெரிந்தவர் எழுதிய கதை. எழுதி வரைந்தவர் ரியோகோ குய்.

ஒரு எச்சரிக்கை: பிற்பாதியில் கதை இருட்டாகிறது. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் டிராகனுக்குப் பிறகு கொஞ்சம் கவனமாக இருங்கள்.

தமிழில்பார்:

எல்லோரும் உயர்ந்த ரசனையாகவே பேசுகிறீர்கள். 'சோலோ லெவலிங்' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையா? கிரஞ்சிரோல் என்ற அனிமே ஒளிபரப்புத் தளம் தரும் விருதுகளில் 2025-இல் ஆண்டின் சிறந்த அனிமே அதுதான். என் தம்பிக்கு சப்டைட்டில் ஓடும் வேகத்தில் படிக்க வராது. தமிழ் டப்பிங்கில் கிடைத்த இந்தத் தொடர்தான் அவனை உள்ளே இழுத்தது. பலவீனமான வேட்டைக்காரன் ஒருவன், யாருக்கும் தெரியாத ஒரு முறையால் படிப்படியாக வலுவடைகிறான். அவ்வளவுதான் கதை. பள்ளியில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் பையனுக்கு அவ்வளவு போதும். அவன் அடுத்து 'டெமன் ஸ்லேயர்' இன்ஃபினிட்டி காசில் படத்தைத் தமிழிலேயே திரையரங்கில் பார்த்தான். இப்போது தானே தேடித் தேடிப் பார்க்கிறான்.

இரவுப்பணி:

தமிழ் டப்பிங் பற்றிச் சொன்னது சரி. ஆனால் விருது கிடைத்ததால் அது சிறந்தது ஆகிவிடாது. அதில் நாயகனைத் தவிர வேறு யாருக்காவது மனம் என்று ஒன்று இருக்கிறதா?

தமிழில்பார்:

குழுவுக்காகத் தன்னை விட்டுக்கொடுப்பவர் இல்லாமலா? இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பசித்தவனிடம் இலையில் எத்தனை வகை என்று கேட்கக் கூடாது, அக்கா.

சுண்ணக்கட்டி:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் வந்து, 'சார், பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காக உண்மையிலேயே நகத்தைப் பிடுங்கினார்களா?' என்று கேட்டாள். 'ஆர்ப்: ஆன் த மூவ்மென்ட்ஸ் ஆஃப் தி எர்த்' தொடரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பதில் சொல்வதற்காகவே நானும் பார்த்தேன். மூலம் உவோட்டோ என்பவரின் மங்கா (ஜப்பானியப் படக்கதை). மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 25 எபிசோடுகளாக எடுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கியது.

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பா. பன்னிரண்டு வயது ரஃபால், புத்திசாலி, அடுத்து பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கப் போகிறவன். ஊரை ஏமாற்றுவது அவனுக்கு எளிது. சிறையிலிருந்து வந்த ஒருவர் அவனிடம் வானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். சூரியனை நடுவில் வைத்தால் கணக்கு எவ்வளவு அழகாக அமைகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அதன் பிறகு நிம்மதி இல்லை. நான் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் விஷயம் அது. கோள்கள் சில நேரம் பின்னோக்கிப் போவதுபோலத் தெரிவதை விளக்க, பூமியை நடுவில் வைத்த பழைய முறையில் எத்தனை வட்டங்கள் தேவைப்பட்டன என்று அந்தத் தொடருக்குப் பிறகுதான் கரும்பலகையில் வரைந்து காட்டினேன்.

மாணவிக்குச் சொன்ன பதில்: வரலாறு அப்படி இல்லை. கோப்பர்னிகஸின் நூல் 1543-இல் வெளிவந்தது. திருச்சபை அதை முடக்கியது 1616-இல்தான். அதற்கு முன்பு இந்தக் கருத்துக்காக ஊர் ஊராக வேட்டையாடியதாகத் தொடர் காட்டுவது கற்பனை. நாட்டின் பெயரையும் மதத்தின் பெயரையும் ஒற்றை எழுத்தாக மட்டும் சொல்வதால், ஆசிரியர் அதை ஒளிக்கவும் இல்லை. சித்திரவதைக் காட்சிகள் முதல் எபிசோடிலிருந்தே உண்டு. சிறுவர்களுக்கு வேண்டாம். எந்தக் கதாபாத்திரத்தோடும் மிகவும் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன்.

கொசுவலை:

சிறுவர்கள் என்றதும் ஞாபகம் வந்தது. 'தகோபீஸ் ஒரிஜினல் சின்' படத்தில் சிரிக்கும் குட்டி ஆக்டோபஸைப் பார்த்து, என் நாத்தனார் ஆறு வயது மகனுக்குப் போடப் போனார். ரிமோட்டைப் பிடுங்கினேன். 2025-இல் வந்தது, ஆறே எபிசோடுதான், மிக நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பள்ளிக் கொடுமையும் குழந்தையின் தற்கொலையும் முதல் எபிசோடிலேயே வருகின்றன. மனம் சோர்ந்திருக்கும் நாளில் பெரியவர்களும் தொட வேண்டாம்.

பயம் வேண்டுமென்றால் அதே ஆண்டின் 'தி சம்மர் ஹிகாரு டைட்' பாருங்கள். மலைக்குப் போன நண்பன் திரும்பி வருகிறான், ஆனால் வந்திருப்பது அவன் இல்லை. யோஷிகிக்கு அது தெரிகிறது; தெரிந்தும் அவனோடு பழகுகிறான். திடுக்கிட வைக்கும் சத்தம் எதுவும் இல்லை. கோடைக்காலப் பூச்சிகளின் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். ஹெட்போன் போட்டுப் பார்த்த என் கணவர் பாதியில் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் துணைக்கு அழைத்தார்.

கடைசிப்பெஞ்சு:

இன்றிரவு 'ஆர்ப்' தொடங்குகிறேன். @சுண்ணக்கட்டி, அந்தப் பின்னோக்கிப் போகும் கோள் படத்தைக் கரும்பலகையோடு போட்டோ எடுத்துப் போடுங்கள், எனக்கும் அது பள்ளியிலேயே புரியவில்லை. 'டான் டா டான்', 'மெடலிஸ்ட்' பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வரிசையில் வரவும். 'அருமை' என்று மட்டும் எழுதினால் நீக்கிவிடுவேன்.